இல்லாமல் போன கோள்

வேறு நட்சத்திரங்களைச் சுற்றும் கோள்களைக் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிப்பது அபூர்வம். கோள் குறுக்கே போகும்போது நட்சத்திரத்தின் ஒளி துளியூண்டு மங்கும். குறித்த நாள் கழித்து மறுபடி மங்கும். அந்தச் சரிவுகளைத் தேடுவதுதான் வேலை. விண்வெளித் தொலைநோக்கிகள் அனுப்பும் அளவுகளை இணையத்தில் யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம். கல்லூரியில் இயற்பியல் வகுப்பு எடுத்தது போக மிச்ச நேரத்தில், மாடம்பாக்கத்து வீட்டின் சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு நானும் தேடினேன்.

அப்பாவுக்கு நுரையீரல் கெட்டு, ஹாலிலேயே கட்டில் போட்டு ஆக்சிஜன் வைத்திருந்த சமயம் அது. ஒரு நட்சத்திரம் நாலு நாளைக்கு ஒருமுறை மங்குவதைக் கண்டேன். ஒழுங்காகச் சரிபார்ப்பதற்குள் அவரிடம் ஓடிப்போய்ச் சொல்லிவிட்டேன். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள், ஆத்திரக்காரிக்கும் அதே கதிதான்.

அப்பா விடுவாரா? பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் சொன்னார். வராதவர்களுக்குப் போன் போட்டுச் சொன்னார். குன்றத்தூரில் இருக்கும் மாமாவுக்குத்தான் முதல் போன். அம்மாவின் அண்ணன். "பொட்டப் புள்ளைக்கு எதுக்கு மச்சான் நட்சத்திரம் எண்ணுற படிப்பு?" என்று இருபது வருஷத்துக்கு முன்னால் கேட்டவர். அன்று அப்பா வாயே திறக்காமல் என்னை எம்.எஸ்ஸி.யில் சேர்த்தார். அந்தக் கேள்விக்கு இப்போதுதான் பதில் சொல்கிறார் என்பது எனக்குப் புரிந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, சரிவுகளை ஒன்றுவிட்டு ஒன்றாகப் பிரித்து வரைந்து பார்த்தேன். முதலிலேயே செய்திருக்க வேண்டிய சோதனை. ஒன்று ஆழமாக இருந்தது, அடுத்தது அவ்வளவு ஆழமில்லை. ஒரே கோள் என்றால் ஒவ்வொரு முறையும் ஒரே அளவுதான் மறைக்கும். அங்கே கோளே இல்லை. இரண்டு நட்சத்திரங்கள் மாறி மாறி ஒன்றையொன்று மறைத்துக்கொண்டிருந்தன. எல்லாவற்றையும் சேர்த்துச் சராசரி எடுத்து நானே என்னை ஏமாற்றிக்கொண்டிருந்தேன்.

"இப்பப் போய் அவர்கிட்ட சொல்லாதடி. இருக்கற வரைக்கும் சந்தோஷமா இருக்கட்டும்" என்றாள் அம்மா. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க நானும் பார்த்தேன். யாராவது வந்தால் அப்பா மாஸ்க்கை விலக்கிக்கொண்டு என் கோளைப் பற்றி ஆரம்பிப்பார். எனக்கு உடம்பு கூசும். இரண்டு நாள்தான் தாங்கினேன். மூன்றாம் நாள் காலையில் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிவிட்டேன்.

அப்பா மாஸ்க்கை விலக்கினார்.

"நிச்சயமா தெரியுமாம்மா?"

"நிச்சயம்ப்பா."

"அந்த போனை எடு."

யார் யாரிடம் சொன்னாரோ அத்தனை பேரையும் கூப்பிட்டார். ஒவ்வொரு போனுக்கும் நடுவில் மாஸ்க்கை வைத்து மூச்சு வாங்கிக்கொண்டார். "நானே சொல்லிடறேம்ப்பா" என்று கெஞ்சினேன். கேட்கவில்லை. மாமாவைக் கடைசிக்கு வைத்திருந்தார். அப்பா பேசிய கடைசிப் போனும் அதுதான்.

ஸ்பீக்கரில் மாமாவின் சிரிப்பு கேட்டது. "இன்னா மச்சான், கோள் காணாம பூடுச்சா? நான் அன்னிக்கே சொல்லல?"

அவமானத்தில் எனக்கு முகம் எரிந்தது. அப்பா மூச்சைச் சேர்த்துக்கொண்டார்.

"அது கோள் இல்லன்னு வேற யாரும் வந்து சொல்லல மச்சான். எம் பொண்ணேதான் கண்டுபுடிச்சா."

கோள் கிடைத்துவிட்டது என்று போன வாரம் சொன்னாரே, அதே குரலில்தான் இதையும் சொன்னார்.