கல்முனை மைதானத்தில் மேலதிக நேரம்

எண்பத்தோராம் ஆண்டு, நோன்பு மாதம் முடிகிற தறுவாயில் ஹொக்கி பார்ப்பதற்காகக் கல்முனைக்குப் போனேன். அகில இலங்கை விலகல் சுற்றுப் போட்டியின் கால் இறுதி ஆட்டம் அங்கே நடக்கவிருந்தது. என்னோடு ஆசிரியப் பயிற்சி பெற்ற சுபைதாவின் தம்பி நிசாம்தான் கல்முனை அணியின் கோல் காப்பாளர். இரண்டு கிழமையில் அவன் சவூதிக்கு வேலைக்குப் போகிறான். வென்றால் அதற்கு முன் கொழும்பில் அரையிறுதி உண்டு. தோற்றால் அவனுக்கு இதுவே கடைசி ஆட்டம்.

மட்டக்களப்பிலிருந்து இருபத்தைந்து மைல். காலை ஒன்பதரை பஸ்ஸில் ஏறினால் பதினொரு மணிக்கு இறங்கலாம். வலது பக்க இருக்கையைப் பிடியுங்கள், வெயில் படாது, வாவியும் தெரியும். நான் எதற்குப் போகிறேன் என்று கேட்டறிந்த கொண்டக்டர், "நோன்போட ஹொக்கியா? பந்த முழுங்காம இருந்தாச் சரி" என்றார். பஸ்ஸே சிரித்தது.

நோன்போடு ஆடும்படி ஆனது கல்முனைக்காரர்கள் கணக்குப் பிழைத்ததால்தான். பெருநாள் பின்னேரம் ஊரே கூடும் என்று எண்ணி, அந்த நாளைக் கேட்டு வாங்கியிருந்தார்கள். முதல்நாள் மாலை பிறை தென்படவில்லை. பெருநாள் தள்ளிப்போக, ஆட்டத்தன்று முப்பதாவது நோன்பு வந்து நின்றது.

சுபைதா எனக்கு மட்டும் சோறு போட்டாள். நான் தயங்கியபோது, "தின்னுங்க கா, நோன்பு எங்களுக்குத்தானே" என்று மீனை எடுத்து வைத்தாள். நிசாம் ஈரத்துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு சீமெந்துத் தரையில் படுத்திருந்தான். ஆட்டத்தின் நாளை மாற்றக் கேட்கலாமே என்றேன்.

"கேட்டாக் குடுப்பாங்க டீச்சர். நாள வெச்சது நாங்கதானே, என்ன முகத்தோட கேக்கிற?"

நாலரைக்கு ஆட்டம் தொடங்கியது. மைதானத்தை ஒட்டிய உறவினர் வீட்டு மதிலருகே பெண்கள் பெஞ்சு போட்டு ஏறி நின்று பார்த்தோம். கச்சான் காற்று புழுதியை வாரி இறைத்தது. எதிரணி மலைநாட்டுப் பிள்ளைகள், இளைப்பே தெரியாமல் ஓடினார்கள். நிசாம் காலாலும் மட்டையாலும் மறித்துக்கொண்டே இருந்தான். ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று என்று முடிந்தது. விலகல் போட்டியில் சமநிலை கிடையாது. மேலதிக நேரம் கொடுத்தார்கள்.

அதன் கடைசி நிமிடங்களில் பள்ளிவாசலில் அந்தித் தொழுகைக்கு அழைக்கும் வாங்கு சொல்லப்பட்டது.

கல்முனைப் பிள்ளைகள் அத்தனை பேரும் நின்றுவிட்டார்கள். நிசாம் மட்டையைக் கீழே வைத்துவிட்டு, நோன்பு திறக்கச் சட்டைப் பையில் வைத்திருந்த ஈத்தம்பழத்தை வாயில் போட்டான். வட்டத்துக்குள் பந்தோடு நின்ற மலைநாட்டுப் பையன் ஒரு கணம் சுற்றிப் பார்த்தான், பிறகு அடித்தான். பந்து உள்ளே போனது. நடுவர் கோல் என்று கை காட்டினார்.

சனம் மைதானத்துக்குள் பாய்ந்தது. நடுவரைச் சுற்றி ஒரே சத்தம். நிசாம் அவருக்கு முன்னால் போய் நின்றான்.

"வாங்கு நமக்குச் சொன்ன. ஆட்டத்துக்கு விசில்தான். அவர் ஊதல்ல. கோல்தான், விடுங்க."

மிச்ச நிமிடங்களையும் ஆடினார்கள். வேறு கோல் விழவில்லை, கல்முனை தோற்றது. நோன்புக் கஞ்சி ஊற்றும்போது கோல் அடித்த அந்தப் பையன் நிசாமிடம் வந்து, அவர்கள் ஏன் நின்றார்கள் என்று தனக்கு விளங்கவேயில்லை என்றான். "ஒரு மாசப் பழக்கம் தம்பி, கை தானா விட்டுட்டு" என்று நிசாம் அவனுக்குக் கோப்பையை நீட்டினான்.

எனக்கு அன்றிரவு மனம் ஆறவில்லை. வாங்கு எத்தனை மணிக்கு என்று மைதானத்தில் நின்ற ஊரவர் எல்லோருக்கும் தெரியும், மதிலருகே நின்ற எனக்கும் தெரியும். நடுவரிடம் முன்கூட்டியே சொல்லிவைக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. நமக்கு நன்றாகத் தெரிந்ததை வெளியூரவரும் அறிவார் என்று இருந்துவிடுகிறோம்.

நோன்பு மாதத்தில் போகிறவர்கள் தண்ணீரும் பகல் சாப்பாடும் கொண்டு போங்கள், தேத்தண்ணிக் கடைகள் பூட்டியிருக்கும். வாங்கு சொன்ன பிறகு எந்த வீட்டுப் படலையைத் தட்டினாலும் கஞ்சி கிடைக்கும். பெருநாளன்று மத்தியானத்துக்குப் பிறகு பஸ் குறைவு, முன்கூட்டியே விசாரித்து வையுங்கள்.

அடுத்த நாள் பெருநாள் சாப்பாடு முடிந்து நிசாம்தான் என்னைப் பஸ் நிலையத்துக்குக் கூட்டி வந்தான். பஸ் வரத் தாமதமானது. தோற்றது கவலையா என்று கேட்டேன்.

"அந்த ஈத்தம்பழம் அவ்வளவு இனிப்பு டீச்சர், கோல் போனதே உறைக்கல்ல. அதுதான் கவல."