துடுப்புக் கயிறு

ஜெனிதா என்கிற பெயரைத் தங்கபுஷ்பம் முதன்முதலில் கேட்டது எதிர்வீட்டுச் சந்திரிகா வாயால்தான். சந்திரிகா அவளுக்கு ஒன்றுவிட்ட நாத்தனார் முறை. "அவ துடைச்ச மேசையில முகம் பாத்துப் பொட்டு வைக்கலாம் மதினி" என்றாள். மறுவாரமே பட்டினப்பாக்கத்திலிருந்து பஸ் ஏறி, வீட்டு வேலைக்கென்று தி.நகர் வீட்டு வாசலில் வந்து நின்றாள் ஜெனிதா. கடலுக்குப் போகிற குடும்பம், நாற்பது வயதிருக்கும். கழுத்தில் ஜெபமாலை, இடுப்பில் செருகிய பழைய பனியன் துணி.

பாலிஷ் ஸ்பிரே டப்பாவை எடுத்தால் காதோரம் வைத்துக் குலுக்குவாள். "உள்ள எண்ணெயும் தண்ணியும் தனித்தனியா கீதும்மா. குலுக்கினாத்தான் ஒண்ணா சேரும். அடைச்சி வெச்ச வாயு வெளிய தள்ளுது. தண்ணி காஞ்சிபூடும். எண்ணெய் ஒட்டிக்கினு கீறலு, குழியெல்லாம் ரொப்பிடும். அதான் மினுக்குது. மரத்துக்கு இன்னா தெரியும், பாவம்." கேட்டாலும் கேட்காவிட்டாலும் சொல்வாள். கைப்பிள்ளையைக் குளிப்பாட்டுகிற மாதிரி ஒரு மூலை விடமாட்டாள்.

தங்கபுஷ்பத்தின் வீட்டுக்காரர் கணேசமூர்த்தி ஜவுளிக்கடை நடத்தியவர். பக்கவாதம் வந்து, எட்டு மாதம் பாடுபட்டு, தேக்கு நாற்காலியின் கைகளை ஊன்றித் தானாக எழுந்து நிற்கப் பழகியிருந்தார். யாராவது தாங்க வந்தால் முறைப்பார். மாதா திருவிழாவுக்கு லீவு போடுமுன் வேலையை நிறைவாக முடிக்கிற ஆசையில், ஜெனிதா அந்த நாற்காலிக் கைகளிலும் ஸ்பிரே அடித்து மினுக்கிவிட்டாள். ஊன்றிய கை வழுக்கியது. விழுந்ததில் பெரிய அடி இல்லை. "எனக்கு வழுக்குமரம்லா நட்டுட்டா" என்று சிரித்தார். ஆனால் அதற்கப்புறம் தானாக எழவே இல்லை. மனைவி வந்து கை கொடுக்கும்வரை உட்கார்ந்தே இருந்தார்.

"வேணும்னா செஞ்ச? விடுட்டி" என்றாள் தங்கபுஷ்பம்.

ஜெனிதா விடவில்லை. திருவிழாவுக்கும் போகாமல் மூன்று நாள் சோப்புத் தண்ணீர் போட்டுத் தேய்த்தாள். வழவழப்பு முழுசாகப் போகவில்லை. நான்காம் நாள் பச்சை நைலான் கயிற்றோடு வந்தாள். தரையில் உட்கார்ந்து, நாற்காலியின் இரண்டு கைகளிலும் நெருக்கி நெருக்கிச் சுற்றி, பல்லால் இழுத்து முடிச்சுப் போட்டாள்.

"இன்னா நைனா அப்டி பாக்குற? எங்க வூட்டுக்காரு துடுப்புல இப்டித்தான் சுத்துவாரு. ஈரக் கையே வழுக்காது. புடி."

"தேக்குக்குப் போய் பச்சைக் கயிறா" என்று முனகிக்கொண்டே பிடித்தார். ஊன்றினார். தங்கபுஷ்பம் ஓரடி முன்னே வைத்தாள். ஜெனிதா அவள் முந்தானையைப் பிடித்து நிறுத்தினாள்.

எழுந்துவிட்டார். "காப்பி என்னாச்சு?" என்றார், ஒன்றுமே நடக்காத மாதிரி.

ஜெனிதா இன்றைக்கும் வந்திருக்கிறாள். டப்பாவும் பனியன் துணியுமாகப் பால்கனியில் நிற்கிறாள். நாற்காலி இருக்கிற கூடத்துக் கதவை இழுத்துச் சாத்திக்கொண்டு, துணியில் மட்டும் அடித்துக்கொண்டிருக்கிறாள்.