சமையலறை வாசலைத் தாண்டிப் போன கோடு

திருப்பதியிலிருந்து ஸ்ரீசிட்டிக்குப் போகும் எங்கள் கம்பெனி பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் ஒருநாள் காலையில், கண்ணில் மாட்டிக்கொண்டு கேம் ஆடும் தன் வி.ஆர். ஹெட்செட்டை விற்கப் போவதாகச் சொன்னார். அவர் மனைவிக்குப் பிரசவம் நெருங்கிக்கொண்டிருந்தது. இனிமேல் கேம் ஆடுவதற்கு நேரமே இருக்காது என்று அவர் முடிவு செய்துவிட்டார்.

"நீதான் ரொம்ப நாளா கேட்டுக்கினு இருந்தியே. ஒரு வாரம் வூட்டுல வெச்சி ஆடிப் பாரு. புடிச்சா எடுத்துக்க, இல்லன்னா குடுத்துடு," என்றார்.

கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். நகரிப் பக்கம் எங்கள் ஊரில் யார் வீட்டிலும் கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில், சைக்கிளை மிதித்துக்கொண்டு டவுனுக்குப் போய் கம்ப்யூட்டர் சென்டரில் கார் ரேஸ் ஆடியவன் நான். வேலைக்கு வந்த பிறகு செல்போனில் ஆடினேன். கம்பெனியில் எனக்கு நாள் முழுக்க ஒரே இடத்தில் நின்று, ஒரே மாதிரி பாகங்கள் வரிசையாக வருவதைப் பார்த்து, கீறல் உள்ளதை எடுத்து ஓரம் வைக்கிற வேலை. வீட்டுக்கு வந்ததும் கையும் காலும் எதையாவது செய்யவேண்டும் என்று தவிக்கும். ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு ஆடினால் உடம்பு முழுக்க அசையும் என்று வீடியோக்களில் பார்த்திருந்தேன். ஆனால் எங்கள் வாடகை வீட்டில் ஹால் சின்னது. அது வாங்கத் தகுந்த பொருள்தானா, நான்கு நாளில் அலமாரியில் தூங்குமா என்று மாதக்கணக்கில் யோசித்துக்கொண்டே இருந்தேன்.

மனைவியிடம் சொன்னேன். அவள் இங்கே திருப்பதியில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். பரீட்சைப் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தவள் தலை நிமிராமல், "ஒரு வாரம் வெச்சிக்கினு பாருங்க. உங்களுக்குன்னு எதுதான் வாங்கிக்கினீங்க," என்றாள்.

அவள் அப்படிச் சொன்னதே எனக்கு உறுத்தியது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் பேப்பர் திருத்தி, துணி துவைத்து, அடுத்த வாரத்துக்கு மாவும் அரைத்து வைப்பாள். நான் செல்போனோடு சோபாவில் கிடப்பேன். இப்போது கிடப்பதற்கு இன்னும் வசதியாக ஒன்றைக் கொண்டுவரப் போகிறேன்.

முதல் நாள் அவளுக்குத்தான் மாட்டிவிட்டேன். படகில் உட்கார்ந்து கடலில் போகிற மாதிரி ஒரு காட்சி. சுற்றிச் சுற்றிப் பார்த்தாள், கையை நீட்டித் தண்ணீரைத் தொடப் பார்த்தாள். கொஞ்ச நேரத்தில் கழற்றிவிட்டு, "நல்லாதான் இருக்குது. ஆனா தல கனக்குது. கடல்னு சொல்றாங்க, காத்தே அடிக்கல," என்று தலைமுடியைச் சரிசெய்துகொண்டு போய்விட்டாள்.

எனக்குப் பிடித்தது குத்துச்சண்டை. கண்ணெதிரே ஒருத்தன் நிற்பான். சுற்றிலும் கூட்டம் கத்தும். இரண்டு கையிலும் கன்ட்ரோலரைப் பிடித்துக்கொண்டு நிஜமாகவே குத்தவேண்டும். பத்து நிமிஷத்தில் பனியன் நனைந்துவிடும். கம்பெனியில் மரத்துப்போயிருந்த தோளும் முதுகும் ராத்திரி இனிமையாக வலிக்கும். வாங்கிவிடலாம் என்று இரண்டாவது நாளே மனசுக்குள் முடிவு செய்துவிட்டேன்.

ஒரே ஒரு தொல்லை இருந்தது. இந்த மிஷினை மாட்டினால் வெளியே எதுவும் தெரியாது. அதனால் ஆடத் தொடங்கும் முன் நாம் நிற்கும் இடத்தைச் சுற்றித் தரையில் ஒரு கோடு இழுக்கவேண்டும். அந்தச் சமயத்தில் மட்டும் அது வீட்டை மங்கலாகக் காட்டும். சோபா, டி.வி. ஸ்டாண்டு எதுவும் உள்ளே வராமல் கோட்டை வளைத்துக்கொள்ள வேண்டும். ஆடும்போது கோட்டை நெருங்கினால் ஊதா நிறத்தில் வேலி மாதிரி ஒன்று எதிரில் வந்து நிற்கும். எங்கள் ஹாலில் சரியாகக் கோடு போட்டால் ஒரு பாய் அகலம்தான் மிஞ்சும். ஓரடி முன்னால் வைத்தால் வேலி, பின்னால் வைத்தால் வேலி. எதிராளி முகமே தெரியாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் மனைவி காய்கறி வாங்கப் போயிருந்தாள். நான் கோட்டை அழித்துவிட்டுப் புதிதாக இழுத்தேன். சமையலறையிலிருந்து ஹாலுக்கு வரும் வாசல் காலியாகத்தானே இருக்கிறது என்று அதையும் உள்ளே சேர்த்துக்கொண்டேன். அவள் அந்த வழியாகத்தான் நடப்பாள் என்பது எனக்குத் தெரியாததல்ல. அவள்தான் வீட்டில் இல்லையே, வந்ததும் மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அவள் வந்து, பின்னால் நின்று உரக்க, "வேர்க்கல்ல வேக வெக்கிறேன், துன்றீங்களா?" என்று கேட்டதும் நினைவிருக்கிறது. "ம்" என்றேன். ஆட்டத்தை நிறுத்தவில்லை. கோட்டையும் மாற்றவில்லை.

எதிராளி தடுமாறிக்கொண்டிருந்தான். நான் முன்னால் நகர்ந்து, வலது கையை முழு வீச்சாக வீசினேன். கையில் ஏதோ கெட்டியாகப் பட்டது. பிரிட்ஜ் மேல் இடித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். காதுக்குள் கூட்டம் ஆரவாரம் செய்தது. சே, இந்த நேரத்தில்தானா என்று எரிச்சல்கூட வந்தது. அந்த எரிச்சலோடுதான் ஹெட்செட்டைக் கழற்றினேன்.

மனைவி சமையலறை வாசலில் தரையில் உட்கார்ந்திருந்தாள். இடது புருவத்தைக் கையால் பொத்தியிருந்தாள். விரல் சந்துகளில் ரத்தம் இறங்கியது. வெந்த வேர்க்கடலை சோபாவுக்கு அடியில் வரைக்கும் சிதறிக் கிடந்தது.

"ஒண்ணும் இல்ல, ஒண்ணும் இல்ல," என்று அவள்தான் என்னைப் பார்த்துச் சொன்னாள்.

துண்டை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஆட்டோவில் பக்கத்திலிருந்த சின்ன ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கிருந்த நர்ஸ் காயத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், என் பனியன் வியர்வையில் நனைந்திருப்பதைப் பார்த்தார். "மீரு பயட்ட உண்டண்டி," என்று என்னை வெளியே நிற்கச் சொல்லிவிட்டுத் திரையை இழுத்தார். துணித் திரைதான். உள்ளே பேசுவது கேட்டது.

"நிஜம் செப்பம்மா. மீ ஆயன கொட்டாரா?"

உன் வீட்டுக்காரர் அடித்தாரா என்று கேட்கிறார். என் மனைவி தெலுங்கிலேயே, "கொட்டாரு. கானி சூசி கொட்டலேது," என்றாள். அடித்தார், ஆனால் பார்த்து அடிக்கவில்லை. அதற்குப் பிறகு கேம், கண்ணில் மாட்டுகிற மிஷின் என்று அவள் விளக்குவது கேட்டது. அடித்தார் என்ற அந்த ஒரு சொல்லில் பொய் எதுவும் இல்லை. வெளியே பெஞ்சில் காத்திருந்தவர்கள் எல்லோரும் என்னையே பார்ப்பது போலிருந்தது. தலையைக் குனிந்துகொண்டேன்.

தையல் போட்டு அனுப்பினார்கள். மறுநாள் லீவு போடச் சொன்னேன். அவள் கேட்கவில்லை. சாயந்திரம் வந்து, செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னாள்: "ஸ்டாஃப் ரூம்ல எல்லாருக்கும் கேம் கதைய சொன்னேன். நம்பற மாதிரி தலைய ஆட்டுறாங்க. தெலுங்கு டீச்சர் என்ன தனியா கூட்டிக்கினு போயி, எந்நேரமா இருந்தாலும் எங்க வூட்டுக்கு வந்துடுன்னு சொல்றாங்க. எனக்கு சிரிக்கறதா அழுவறதான்னு தெரியல."

நான் சிரிக்கப் பார்த்தேன். முடியவில்லை. ஹெட்செட் டி.வி.க்குப் பக்கத்தில் இருந்தது. அதன்மேல் ஒரு துண்டைப் போட்டு மூடினேன்.

அவள் வாராவாரம் அப்பாவோடு வீடியோவில் பேசுவாள். இந்த முறை முடியை முன்னால் இழுத்துவிட்டுக்கொண்டு பேசியும் தையல் தெரிந்துவிட்டது. இரண்டு நாள் கழித்து மாமனாரே வந்துவிட்டார். சத்தியவேடு பக்கம் நெல்லும் மாங்காயும் போடுகிறவர். விசேஷம் இல்லாமல் எங்கள் வீட்டுக்கு வருகிறவர் அல்ல. நான் ஷிப்ட் முடிந்து வந்தபோது சோபா நுனியில் உட்கார்ந்திருந்தார்.

"வாங்க மாப்ள," என்றார். மழையைப் பற்றிப் பேசினார். மாங்காய் விலை பேசினார். காபி குடித்து முடித்தார். பிறகு, "அந்த மிஷினு எங்க மாப்ள? நானும் பாக்கறேன்," என்றார்.

என்ன பார்க்க வந்திருக்கிறார் என்று புரிந்தது. துண்டை எடுத்தேன். முதலில் நான் மாட்டிக்கொண்டு கோட்டைப் புதிதாக இழுத்தேன். இந்த முறை ஒழுங்காக, பாய் அகலத்துக்கு மட்டும், சமையலறை வாசலை வெளியே விட்டு இழுத்தேன். அப்புறம் அவருக்கு மாட்டி, இரண்டு கையிலும் கன்ட்ரோலரைக் கொடுத்து, அதே குத்துச்சண்டையைப் போட்டேன்.

முதலில் சும்மா நின்றார். எதிராளி குத்த வந்ததும் தலையைச் சாய்த்தார். அடுத்து ஒரு குத்து விட்டார். அதற்குப் பிறகு அவரைப் பிடிக்க முடியவில்லை. வேட்டியை முழங்காலில் இடுக்கிக்கொண்டு மூச்சு வாங்க வாங்கக் குத்தினார். கை நீண்டு சுவரில் பட்டு முட்டி உரசியது. மனைவி சமையலறைக்குள் நின்றபடியே, "நைனா, போதும் கழட்டு," என்றாள்.

கழற்றினார். கண்ணைக் கசக்கிக்கொண்டு எங்கள் இருவரையும் பார்த்தார். "இத மாட்டிக்கினா எதிர்ல யாரு வர்றாங்கன்னே தெரியலியே. எம் பொண்ணு சொன்னது நெசந்தான்," என்றார். அவர் முகம் எவ்வளவு லேசாகிவிட்டது என்பதைப் பார்க்க என்னால் முடியவில்லை. ஊரிலிருந்து என்னென்ன நினைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தாரோ.

உரசிய முட்டியைத் தடவிக்கொண்டே சாதாரணமாகக் கேட்டார்: "சுத்தி ஊதா கலர்ல வேலி மாரி வந்து வந்து நிக்குதே, அது இன்னா மாப்ள?"

"அதத் தாண்டக்கூடாதுன்னு காட்டுது மாமா."

"அன்னிக்கி அது வல்லியா?"

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. "அன்னிக்கி சரியா வேல செய்யல மாமா," என்றேன்.

அவர் தலையாட்டினார். இருட்டும் முன் போகவேண்டும் என்று கிளம்பினார். பஸ் ஏற்றிவிட்டு வந்தேன். மனைவி ஹாலில் உட்கார்ந்திருந்தாள். நானே சொன்னேன். வேலி நன்றாகத்தான் வேலை செய்தது, அது தொந்தரவாக இருந்ததால் கோட்டைச் சமையலறை வாசல் வரைக்கும் நான்தான் இழுத்தேன், நீ வீட்டுக்கு வந்த பிறகும் மாற்றவில்லை என்றேன்.

"எப்படி இழுத்தீங்க? காட்டுங்க," என்றாள்.

அன்றைக்கு இழுத்த மாதிரியே இழுத்து அவளுக்கு மாட்டிவிட்டேன். அவள் தலையைத் திருப்பித் திருப்பித் தரையைப் பார்த்தாள். கோட்டின் மேலேயே காலை வைத்து மெதுவாக நடந்தாள். சமையலறை வாசலுக்குள் போய்த் திரும்பினாள். கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள்:

"நான் எந்த வழியா வருவேன்னு நெனச்சீங்க?"

அவள் வீட்டுக்கு வந்த பிறகு அவளைப் பற்றி நான் நினைக்கவே இல்லை.

ஹெட்செட்டை என் கையில் கொடுத்துவிட்டு, "எனக்கு இந்தத் தையல்கூட பெருசில்ல. எங்க நைனா அத்தன தூரம் வந்து கேட்டாரே, அவர்கிட்டயாவது சொல்லி இருக்கலாம். ஊர்ல போயி எல்லார்கிட்டயும் உங்க பக்கமா பேசப் போறாரு," என்றாள்.

அங்கேயே நின்று மாமனாருக்குப் போன் செய்து உண்மையைச் சொன்னேன். பஸ் சத்தத்தில் இரண்டு முறை சொல்லியும் அவர் காதில் விழவில்லை. மூன்றாவது முறை கேட்டும் கேட்காத மாதிரி இருந்தார். அப்புறம், "சரி மாப்ள. சொன்னீங்களே," என்று வைத்துவிட்டார். அதற்குப் பிறகு ரொம்ப நாள் அவர் என்னோடு பேசவில்லை. மகளுக்குத்தான் போன் செய்வார். நான் எடுத்தால், "பாப்பா இல்லியா?" என்பார்.

மறுநாள் ஹெட்செட்டைப் பையில் போட்டு பஸ்ஸில் எடுத்துப் போனேன். பக்கத்து சீட்டுக்காரருக்கு ஆச்சரியம். "ஏம்பா, நல்லா இல்லியா?"

"ரொம்ப நல்லா இருக்குது. எங்க வூட்டுக்கு ஒத்துவராது."

"கொறச்சிக்கலாம்பா."

"அதுக்கில்ல," என்றேன்.

சூளூர்பேட்டையில் தனியாக ரூம் எடுத்துத் தங்கியிருக்கும் ஒருத்தன் அந்த வாரமே வாங்கிக்கொண்டான். அவன் கேன்டீனில் அந்தக் குத்துச்சண்டையைப் பற்றிப் பேசும்போதெல்லாம் என் தோள் அதைக் கேட்கிறது. இவ்வளவுக்குப் பிறகும் அந்த ஆசை போகவில்லை என்பதை இதுவரை மனைவியிடம் சொல்லவில்லை.

புருவத்தில் தழும்பு மெல்லியதாக நின்றுவிட்டது. மை தீட்டினால் தெரியாது. எனக்குக் கஷ்டமாக இருந்தது வேறொன்று. மிஷின் வீட்டைவிட்டுப் போன பிறகும், சமையலறையிலிருந்து ஹாலுக்கு வரும்போது அவள் வாசலில் ஒரு நொடி நிற்பாள். "வரேன்" என்பாள். அப்புறம்தான் காலை வைப்பாள். நான் சோபாவில் சும்மா உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தாலும் சரி. அவள் அதைத் தெரிந்து செய்யவில்லை. நானும் எடுத்துச் சொல்லவில்லை. எப்போது அது நின்றுபோனது என்று எனக்குத் தெரியாது.