சுண்ணாம்பில்லாத பானை

1934 இருக்கும், அல்லது அதற்கு அடுத்த வருஷம். மாசி மாதம். தக்கலையிலிருந்து திற்பரப்பு அருவிக்கு வில்வண்டியில் ஒரு பகல் பயணம் போனோம். அந்த ஒரு பகலில் என் கல்யாணமே கைநழுவிப் போகப் பார்த்தது.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. பூதப்பாண்டிக்குப் பக்கத்தில் எங்களுக்குக் கொஞ்சம் வயல் உண்டு. நான் தக்கலை மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். தஞ்சாவூர்ப் பக்கம் பெண் பார்த்துவிட்டு வந்திருந்தோம். பெண்ணை எனக்கு ரொம்பவும் பிடித்துவிட்டது. அவளுக்குத் தகப்பனார் இல்லை, அண்ணன்தான் எல்லாம். அவர் ஒரு ஹெட்மாஸ்டர், சபையில் மதுவிலக்குச் சங்கம் நடத்துகிறவர். எங்கள் ஊர் திருவிதாங்கூர்ச் சீமை என்றதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "அங்கே வீட்டுக்கு வீடு கள்ளாமே?" என்பதுதான். மாப்பிள்ளையையும் ஊரையும் நேரில் பார்த்துவிட்டே முடிவு சொல்வது என்று ரயிலேறி வந்துவிட்டார். அவர் சரி என்றால் கல்யாணம். இல்லையென்றால் இல்லை.

எனக்கு ஊர்ப்பெருமை கொஞ்சம் கூடுதல். அந்தக் கேள்வி சுருக்கென்று தைத்தது. எங்கள் சீமையை இவருக்குக் காட்டாமல் விடுவதில்லை என்று விடியுமுன்பே வண்டி பூட்டச் சொன்னேன்.

கோதையாற்றுப் பள்ளத்தாக்கை மாசி மாதக் காலையில் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒரு பக்கம் நீல மலை, கீழே ஆறு, சரிவெல்லாம் பலாவும் மிளகுக்கொடியும் வாழையும், விளை என்று நாங்கள் சொல்லும் மேட்டுத் தோட்டங்களில் வரிசையாகப் பனை. நான் வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தேன். "இந்த ஆறு கோடையிலும் வற்றாது சார். உங்க தஞ்சாவூர்ல இந்த மாதிரிப் பலா உண்டா சார்?" அவர் எல்லாவற்றுக்கும் "உம்" என்றார். திருவட்டாறு தாண்டியும் அந்த "உம்"முக்கு மேல் ஒன்றும் தேறவில்லை.

வெயில் ஏறியது. வண்டிக்காரர் ஒரு பனைவிளை ஓரமாக வண்டியை நிறுத்தி, மாடுகளை அவிழ்த்து ஆற்றுக்குத் தண்ணீர் காட்டக் கொண்டுபோனார். விளைக்குள் ஓர் ஓலைக்குடிசை. நாற்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா, பனையேறியின் மனைவி, கருப்பட்டிக்கு அக்கானி காய்ச்சிக்கொண்டிருந்தார். பதநீரைத்தான் எங்கள் பக்கம் அக்கானி என்போம்.

"போதை இல்லாததுதானே தம்பி?" என்றார் ஹெட்மாஸ்டர்.

"பால் மாதிரி சார்" என்றேன்.

அந்த அம்மா ஒரு பானையைக் கொண்டுவந்து வைத்தார். பானைக்குள் சுற்றிலும் வெள்ளையாக அப்பியிருந்தது. விருந்தாளி முன்னால் எனக்கு மானம் போன மாதிரி ஆகிவிட்டது.

"பானையைக் கழுவுறதில்லையா?"

"சுண்ணாம்பாக்கும் மக்கா" என்று சிரித்தார் அவர்.

"சுண்ணாம்பெல்லாம் வெத்திலைக்கு. நல்ல பானையாக் கொண்டாங்க."

நான் வயல்காட்டுக்காரன். எங்கள் வீட்டுக்கு அக்கானி வடிகட்டிச் செம்பில்தான் வரும். அது இறங்கி வந்த பானையை நான் பார்த்ததே கிடையாது. ஆனால் ஊர்ப்பெருமை பேச வந்தவன் தெரியாது என்று சொல்லலாமா? குடிசை ஓரத்தில் இன்னொரு பானை இருந்தது. வெள்ளை அப்பாமல் சுத்தமாக, வாய்வரை நுரைத்துக்கொண்டு நின்றது. கறந்த பால் நுரைத்தால் புதுசு. அந்தக் கணக்கில் இதுதான் புதுசு, யாருக்கோ எடுத்து வைத்துவிட்டு நமக்குப் பழசைத் தருகிறார் என்று முடிவு கட்டினேன். அவர் அடுப்பில் ஓலை தள்ள உள்ளே போன நேரம், குடிக்க மடித்து வைத்திருந்த இரண்டு ஓலைப்பட்டைகளில் நானே ஊற்றி, ஒன்றை ஹெட்மாஸ்டர் கையில் கொடுத்தேன். அடுப்புப் புகையில் வாடை ஒன்றும் தெரியவில்லை.

அவர் எதையும் ஸ்தோத்திரம் சொல்லாமல் வாயில் வைக்கமாட்டார். பட்டையை ஏந்திக் கண்ணை மூடி ஜெபித்தார். நானும் மூடினேன். நீளமான ஜெபம். அவர் ஆமென் சொல்லிப் பட்டையை உதட்டுக்குக் கொண்டுபோனபோது, "அய்யோ!" என்று ஒரு சத்தம். அந்த அம்மா ஓடிவந்து அவர் கையை ஓங்கித் தட்டினார். பட்டை பறந்தது. கோட்டு, வேட்டி எல்லாம் நனைந்தது.

"அது கள்ளாக்கும் சாரே! கடைக்குப் போவ வச்சிருக்கது. சுண்ணாம்பு தேய்ச்ச பானையில எறங்கினா அக்கானி, தேய்க்காட்டா கள்ளு. இந்தப் பிள்ளைட்ட சொன்னேன், கேக்கல்ல!"

ஹெட்மாஸ்டர் கோட்டை முகர்ந்து பார்த்தார். முகம் சிவந்துவிட்டது. "இந்தப் பானையை எடுத்து வைத்தது யார்?" என்று பொதுவாகக் கேட்டார். நான் ஊற்றியதை அவர் பார்த்திருக்கவும் கூடும், ஆனாலும் இந்த அம்மாதான் எடுத்து வைத்தார் என்று சொல்லித் தப்பிக்கலாமா என்று ஒரு கணம் தோன்றியது உண்மை. வெட்கத்தோடுதான் இதை எழுதுகிறேன். அந்த அம்மா என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நான்தான் எடுத்தேன் சார். எனக்கு வித்தியாசம் தெரியாது" என்றேன். போயிற்று கல்யாணம் என்று மனசுக்குள் நினைத்துக்கொண்டேன்.

அவர் அந்த அம்மாவிடம் திரும்பி, "இந்தத் தம்பி இங்கே அடிக்கடி வர்றதுண்டா?" என்று கேட்டார்.

அந்த அம்மா இடுப்பில் கைவைத்து என்னை மேலும் கீழும் பார்த்தார். "கள்ளு குடிக்கிய ஆளுன்னா, சுண்ணாம்புப் பானைய வேண்டாம்னு தள்ளிட்டு, நொரைக்கிறத அக்கானின்னு ஊத்திக் குடுப்பாரா சாரே? குடிக்கியவனுக்கு அந்த ரோட்டுலயே மணம் தெரியும். இது ஒண்ணும் அறியாத பிள்ளையாக்கும். வாய் மட்டும் செத்தக் கூடுதல்."

ஹெட்மாஸ்டர் சிரித்தார். அன்று காலையிலிருந்து முதல் சிரிப்பு. பிறகு சுண்ணாம்புப் பானை அக்கானியைக் கேட்டு வாங்கி, மறுபடியும் ஜெபித்தார். இந்த முறை ஒரு கண்ணைத் திறந்துகொண்டே.

அருவிக்குப் போனோம். நான் வாயைத் திறக்கவில்லை. சாரல் படாத பாறையில் கோட்டைக் காயவைத்துக்கொண்டு அவராகவே சொன்னார்: "தம்பி, காலையிலேருந்து ஆறு, மலை, பலா எல்லாம் காட்டினீங்க. நான் பார்க்க வந்ததை அந்த அம்மாதான் காட்டினாங்க."

வைகாசியில் கல்யாணம் நடந்தது. கையோடு மனைவியை அழைத்துக்கொண்டு அந்த விளைக்குப் போனேன். அந்த அம்மா அவள் கன்னத்தைத் தொட்டு, "மக்கா, இவரு எத எடுத்துத் தந்தாலும் நீ மொதல்ல மணத்திப் பாத்துக்க" என்றார். இன்றும் நான் காப்பி போட்டுக் கொடுத்தால் என் மனைவி முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் குடிக்கிறாள்.

கோட்டுப் போட்ட பெரிய மனுஷன் கையைத் தட்டினால் தனக்கு என்ன வரும் என்று அந்த அம்மா யோசிக்கவே இல்லை. மட்டம் தட்டிப் பேசிய எனக்காகவும் சாட்சி சொன்னார். ஊர்ப்பெருமை பேச இன்றும் எனக்கு ஆசைதான். ஆனால் இப்போதெல்லாம் ஆற்றையும் மலையையும் அப்புறம் வைத்துக்கொண்டு, அந்த அம்மாவிடமிருந்துதான் தொடங்குகிறேன்.