லண்டன் பயணத்துக்கு வந்த முழுவியளம்

அறுபதுகளின் தொடக்கம். முள்ளியவளையில் காலபோக நெல் அறுவடை நடந்துகொண்டிருந்த மாசி மாதம். எனக்கு இருபது வயது. லண்டன் ஆஸ்பத்திரி ஒன்றில் தாதிப் படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. இனி விசாவுக்குக் கொழும்பில் நேர்முகம். அதில் தவறினால் படிப்பும் இல்லை, பயணமும் இல்லை. அம்மா பார்த்து வைத்திருந்த மாப்பிள்ளைதான்.

விஷயம் ஊரில் ஒருவருக்கும் தெரியாது. கண்ணூறு பட்டுக் காரியம் கெட்டுவிடும் என்று அம்மா எங்கள் எல்லாருடைய வாயையும் கட்டிப்போட்டிருந்தார். கேட்டவர்களிடம், வவுனியாவுக்குத் தையல் பழகப் போகிறாள் என்று சொல்லி வைத்தோம். எல்லாரையும்விட அம்மா பயந்தது பக்கத்து வீட்டு அக்காவுக்குத்தான். கலியாணம் செய்து ஒரு வருடத்திலேயே கணவர் பாம்பு கடித்து இறந்துவிட, முப்பது வயதில் தனியாக இருந்தவர். அவருடைய கண் கூடாது என்று யாரோ கதை கட்டிவிட, அம்மாவும் நம்பினார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நானும் நம்பினேன்.

நேர்முகத்தில் ஆங்கிலத்தில் பதில் சொல்ல வேண்டும். வீட்டுக்குள் சத்தமாகப் பழகினால் றோட்டுக்குக் கேட்கும். அதனால் விடிந்ததும் மாட்டுக் கொட்டிலுக்குள் போய்விடுவேன். ஏன் தாதியாக விரும்புகிறாய் என்று துரை மாதிரி நானே கேட்டு, நானே நிமிர்ந்து நின்று பதில் சொல்வேன். மூன்று மாதம், ஒரு நாள் தவறவில்லை. எங்கள் பசு சிவப்பி என்னைப் பார்த்தபடி அசைபோடும். விடுவேனா? அது தலையாட்டும் வரை திருப்பித் திருப்பிச் சொல்வேன்.

ஒரு நாள் காலை நாங்கள் எல்லாரும் வயலில் நின்றோம். அந்த அக்கா வரம்பில் விழுந்தெழும்பி ஓடி வருகிறார், கையில் தந்தி. அந்தக் காலத்தில் தந்தி என்றால் சாவுதான். அம்மா அரிவாளைப் போட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டு அழத் தொடங்கிவிட்டார்.

“மாமி, அழாதேங்கோ! உது செத்தவீட்டுத் தந்தியா இராது. தங்கச்சியின்ர லண்டன் அலுவலாத்தான் இருக்கும்,” என்றார் அக்கா.

அம்மாவின் அழுகை அப்படியே நின்றது. “உனக்கு ஆரடி சொன்னது?”

“ஒருத்தரும் சொல்லேல்லை. மூண்டு மாசமா உங்கட மாட்டுக்கு இங்கிலீசு படிப்பிக்கிறாள். வேலிக்கு இஞ்சால எனக்குக் காது கேளாதே?”

தந்தியைப் பிரித்தேன். அடுத்த கிழமை என்றிருந்த நேர்முகம் மறுநாள் காலை ஒன்பது மணிக்கு மாற்றப்பட்டிருந்தது. மத்தியான பஸ்ஸைப் பிடித்தால்தான் மாங்குளத்தில் ரயிலேறலாம். பூட்டிக் கிடந்த வீட்டைக் கண்டு திரும்பப் போன தந்திக்காரரை மறித்து, அக்காதான் வாங்கிக்கொண்டு இரண்டு மைல் ஓடி வந்திருக்கிறார்.

வீட்டுக்குப் பறந்தோம். குளித்தேன், உடுத்தேன், பெட்டியைத் தூக்கினேன். என்னோடு கொழும்புக்கு வரவிருந்த என் தகப்பனார், ஐயா, சைக்கிளோடு வாசல் படலையில் நின்றார். அம்மா முழுவியளத்துக்கு ஆள் தேடி றோட்டை எட்டி எட்டிப் பார்த்தார். நல்ல காரியத்துக்கு வெளிக்கிடும்போது எதிரே வருகிறவரைத்தான் முழுவியளம் என்போம். சுமங்கலிப் பெண் தண்ணீர்க் குடத்தோடு வந்தால் நல்லது. ஊரே வயலில் கிடக்க, யார் வருவார்? வேலிக்கு அப்பால் அக்காவின் கதவு சாத்தப்படும் சத்தம் கேட்டது. நான் வெளிக்கிடும்போது தன் முகம் தெரியக்கூடாது என்று உள்ளே போயிருக்கிறார். எனக்காக இரண்டு மைல் ஓடி வந்தவர்!

“அக்கா முன்னுக்கு வந்து நிண்டாத்தான் நான் போவன்,” என்றேன்.

“விசர்க்கதை கதையாதை! பஸ் போகப்போகுது,” என்று அம்மா கத்தினார்.

“போகட்டும்.”

பெட்டியை வைத்துவிட்டுப் போய் அவருடைய கதவைத் தட்டினேன். அவர் திறக்கவில்லை. “வேண்டாமடி தங்கச்சி. நாளைக்கு உனக்குச் சரிவராட்டி ஊர் என்னைத்தான் சொல்லும்,” என்று உள்ளிருந்தே அழுதார்.

“சரிவரும். சரிவரப் பண்ணிப்போட்டுத்தான் வருவன். வாங்கோ.”

வந்தார். வெறுங்கையோடு வர மனமில்லாமல் ஒரு செம்பு தண்ணீரோடு வந்தார். அவர் முகத்தை நேராகப் பார்த்துவிட்டுச் சைக்கிளில் ஏறினேன். ஐயா வேகமாக மிதித்தார். பஸ் கிடைத்தது.

மறுநாள் கொழும்பில் விசாக் கந்தோரில் என் முறை வந்தது. பாடமாக்கியதெல்லாம் பறந்துவிடும் போலிருந்தது. நான் தோற்றால் என் படிப்போடு முடியாது, அந்த அக்கா இனி ஊரில் தலைகாட்ட முடியாது என்ற நினைப்பு வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன். கடைசியில் அதிகாரி, இவ்வளவு பேச எங்கே பழகினாய் என்றார். மாட்டுக் கொட்டிலில் என்று உண்மையைச் சொன்னேன். மனிதர் விழுந்து விழுந்து சிரித்தார். விசா கிடைத்தது.

கப்பலேறுவதற்காக ஊரைவிட்டு வெளிக்கிட்ட அன்று, றோட்டில் சுமங்கலிப் பெண்கள் இரண்டு பேர் குடத்தோடு போனார்கள். அம்மா அவர்களைக் கூப்பிடவில்லை. தானே போய் அக்காவின் படலையைத் தட்டினார். “பிள்ளை வெளிக்கிடுறாள். முன்னுக்கு வா மோனை,” என்றார்.

அதற்குப் பிறகு எத்தனையோ பயணம் போய்விட்டேன். வெளிக்கிடும்போது எதிரே யார் வருகிறார் என்று நான் பார்த்ததில்லை, யாராவது கதவுக்குப் பின்னால் ஒளிந்து நிற்கிறார்களா என்றுதான் இன்றைக்கும் பார்க்கிறேன்.