தூக்கி ஊற்றிய தண்ணீர்

திருக்கொச்சி கேரளமாக மாறிய வருஷம் என் தங்கை பிறந்தாள். எனக்குப் பத்து வயது. அம்மா ஜன்னியில் கிடந்தாள், பால் வற்றிப்போயிற்று. மட்டாஞ்சேரியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் சுக்குக் கிடங்கு. அங்கே சுக்கு புடைக்க வந்த ஒருத்தி, தன் குழந்தையைப் பறிகொடுத்துச் சில நாளே ஆனவள், எங்கள் பின்வாசல் படியில் உட்கார்ந்து தங்கைக்குப் பால் கொடுத்தாள். தங்கை குடித்து முடித்ததும் அப்பா குழந்தையின் தலையில் தண்ணீர் தெளித்து, தீட்டுக் கழித்துத்தான் உள்ளே எடுத்துப்போவார். வயிற்றுக்குள் போன பாலின் தீட்டை எப்படிக் கழித்தார் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

பல் முளைத்த பிறகும் தங்கை அவளைக் கண்டால் தவழ்ந்துபோய் மடியில் ஏறிக்கொள்வாள். தான் சப்பிய நேந்திரம்பழத்தை அவள் வாயில் திணிப்பாள். யார் சொல்லிக்கொடுத்தார்கள்? ஒருவருமில்லை. சொல்லிக்கொடுத்ததெல்லாம் அதற்குப் பிறகுதான். சீ, எச்சில். தொடாதே. தள்ளி நில். சோற்றோடு இதையும் பிசைந்து ஊட்டினார்கள். யாருடைய பால் குடித்து வளர்ந்தாள் என்பதை மட்டும் அவளுக்குச் சொல்லவில்லை. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். சுத்தப் பொய். எங்கள் வீட்டில் அது ஆறு வயதைத் தாண்டவில்லை.

அந்த ஆறாவது வயதில், ஒரு மீனமாத வெயிலில், பால் கொடுத்தவள் சுக்குத் தூசியில் இருமிக்கொண்டே பின்வாசலுக்கு வந்தாள்.

"இத்திரி வெள்ளம் தருமோ, மோளே?"

தங்கை உள்ளே ஓடிச் சொம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்தாள். எனக்கு ஒரு நப்பாசை. சொம்பைக் கையில் கொடுத்துவிடுவாள், புத்திக்குத் தெரியாவிட்டாலும் உடம்புக்காவது ஞாபகம் இருக்கும் என்று நினைத்தேன். தங்கை மேல்படியில் நுனிக்காலில் நின்று சொம்பைத் தூக்கிப் பிடித்தாள்.

"குனிஞ்சு கையைக் குவிச்சுக்கோ. என் மேல தெறிக்கப்படாது."

அவள் குனிந்தாள். பாதித் தண்ணீர் முழங்கை வழியே ஒழுகிப்போயிற்று. குடித்துவிட்டு நிமிர்ந்து, "நல்ல குட்டி" என்றாள். அதில் கேலி இருக்கிறதா என்று தேடினேன். இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. மனிதர்கள் பிறவியிலேயே நல்லவர்களாக இருந்துதான் என்ன பிரயோஜனம்? அதைத் துடைத்தெடுக்க ஒரு வீடு போதும். அன்று விட்டுப்போன நம்பிக்கை எனக்குத் திரும்பவேயில்லை.

அடுக்களை வாசலில் நின்று பார்த்த அம்மாவுக்குப் பெருமை தாளவில்லை. உள்ளே இருந்த அப்பாவைக் கூப்பிட்டுச் சொன்னாள்:

"கேட்டேளா, ஆரும் சொல்லித் தரலை. கொழந்தைக்குத் தன்னாலயே தெரிஞ்சிருக்கு!"