வெள்ளி என்று நான் எழுதிய கேத்தல்

2023 ஒக்ரோபர் 17, செவ்வாய்க்கிழமை, காலை 9.40. விடியற்புறம் பெய்த மழை விட்டிருந்தது; துறைமுகப் பக்கம் வானம் இன்னும் கறுப்பாகவே கிடந்தது. பழைய சாமான் வாங்கி விற்பவர் ஒரு முஸ்லிம் பெரியவர், ஊருக்கே நானா. அவர் கடைக்கு மூன்று படிகள். அவற்றை ஏற என் தங்கைக்கு நான்கு நிமிடம் எடுத்தது. வலது முழங்காலில் எலும்போடு எலும்பு உரசுகிறது, மாற்றத்தான் வேண்டும் என்று கொழும்பில் சொல்லிவிட்டார்கள். கேட்ட தொகையில் பாதியைக் கட்டாரிலிருந்து அவள் மகன் அனுப்பியிருந்தான். மற்றப் பாதி என் கையிலிருந்த துணிப்பைக்குள் இருக்கிறது என்று நாங்கள் இருவரும் நம்பினோம்.

பைக்குள் ஒரு தேநீர்க் கேத்தல், 640 கிராம். சீனிக் கிண்ணம், 310. பால் சாடி, 265. மொத்தம் 1,215. முதல் நாள் மூன்று நகைக்கடைகளில் விசாரித்ததில் கிராமுக்கு 210 ரூபா தருவார்கள் என்று தெரிந்தது. இரண்டு தடவை பெருக்கினேன். இரண்டு தடவையும் 2,55,150 வந்தது. கேத்தலுக்குள் சீனிக்கட்டி எடுக்கும் சின்ன இடுக்கி ஒன்றும் கிடந்தது. 34 கிராம்தானே என்று அதைச் சேர்க்கவில்லை.

எங்கள் அப்பா வெள்ளைக்காரக் கடற்படை அதிகாரி ஒருவரின் வீட்டில் சமையல் செய்தவர். அவர்கள் ஊரை விட்டுப் போகும்போது துரைசாணி கொடுத்துவிட்டுப் போன சாமான் இது. எங்கள் ஆட்களிடம் வீடு பெண்பிள்ளைக்குத்தான் போகும். ஆனால் 1978இல் தங்கைக்குச் சம்பூரில் மாப்பிள்ளை பார்த்தபோது, அவர்களுக்கு அங்கே வீடும் வயலும் இருந்தபடியால், வெள்ளியை அவளுக்கும் வீட்டை எனக்கும் என்று அப்பா பிரித்தார். சீதனப் பட்டியலை எழுதியவன் நான். கூட்டுறவுச் சங்கக் கடைத் தராசில் ஒவ்வொன்றாக நிறுத்து, நிறை கூடியது மேலே, குறைந்தது கீழே என்று ஒழுங்காக எழுதினேன். உரைத்துப் பார்க்கவில்லை. மாப்பிள்ளை பகுதி பார்த்துக்கொண்டிருக்க, பெண் வீட்டுக்காரன் தன் பாத்திரத்தைத் தானே சந்தேகப்படுவானா?

நானா கேத்தலைக் கவிழ்த்து, பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார்.

“என்ன தேடுறீங்கள்?”

“சிங்கம் ஐயா. இங்கிலாந்து அசல் வெள்ளியெண்டா நடக்கிற சிங்கம் ஒண்டு அடிச்சிருப்பாங்க. இதில எழுத்து மட்டுந்தான் இரிக்கு.”

பிறகு அடி விளிம்பை விரலால் தடவிக் காட்டினார். மேசையில் உரசித் தேய்ந்த இடத்தில் ஒரு சிவப்பு.

“அது புளி போட்டு மினுக்கின கறை” என்றேன்.

“கறையெண்டாத் துடைக்கப் போகும். இது உள்ளுக்க இரிக்கிற செம்பு ஐயா.”

“திராவகம் விட்டுக் காட்டுங்கோ நானா” என்றாள் தங்கை. “இவர் கண்ணால காணாமல் நம்பமாட்டார்.”

அடியில் அரத்தால் சிறிது அராவி ஒரு துளி விட்டார். பச்சையாக நுரைத்தது. கிண்ணமும் பச்சை. சாடியும் பச்சை. கைபிடியிலும் ஒருக்கால் பார்க்கச் சொன்னேன். பார்த்தார். இன்னொரு இடத்தைக் காட்டினேன்.

“ஐயா, இன்னும் அராவினாக் கேத்தல் ஒழுகும்.”

தங்கை சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கடைசியாக அந்த இடுக்கியை எடுத்தார். கண்ணாடியை வைத்து, வாசல் வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தார். “இந்தா இரிக்கு சிங்கம்.” துளி விட்டபோது பச்சை வரவில்லை, பால் சிந்தினாற்போல வெளுத்தது. “இதோட கரண்டியும் இருந்திருக்கணுமே? அந்தக் காலத்துச் செட்டுகள்ல கேத்தல் முலாமா இருந்தாலும் கரண்டி அசலா இரிக்கும்.”

“ஆறு கரண்டி இருந்தது” என்றாள் தங்கை. “சம்பூரில விட்டிட்டு வந்தனான்.”

2006இல் சண்டை சம்பூருக்கு வந்தபோது அவளுக்கு ஒரு பையோடுதான் ஓட முடிந்தது. அதை எனக்கு அவள் முன்பே சொல்லியிருக்கிறாள். எதை எடுத்தாள், எதை விட்டாள் என்று நான் கேட்டதில்லை. இப்போது நானாவுக்குச் சொன்னாள்: “அண்ணை எழுதின பட்டியல் அலுமாரிக் கதவில ஒட்டியிருந்தது. மேல இருந்த மூண்டையும் எடுத்தனான். கரண்டி அடியில இருந்தது, ஒண்டு இருபது கிராம்.” குரலில் குத்தல் இல்லை. பஸ் நேரம் சொல்வது போலச் சொன்னாள். திரும்பிப் போனபோது அலுமாரியும் இல்லை, அது நின்ற சுவரும் இல்லை.

ஹோட்டலில் அழகுக்கு வைக்கக் கேட்பார்கள் என்று மூன்றுக்கும் ஒன்பதாயிரம் தருவதாக நானா சொன்னார். வேண்டாம் என்று, திரும்ப எடுத்து வைக்க நான் பையைத் திறந்தேன்.

“குடுத்திட்டு வாங்கோ அண்ணை. இனி இதைத் தூக்க எனக்கு ஏலாது.”

இடுக்கியை மட்டும் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள்.

முச்சக்கர வண்டியில் ஏறியதும், மிச்சக் காசை நான் தருகிறேன் என்றேன்.

“நீங்கள் ஏன்?”

“வெள்ளியெண்டு எழுதினது நான்தானே.”

“கூரை மாத்த வைச்ச காசெல்லோ அது?”

அந்தக் கூரை எந்த வீட்டுக் கூரை என்று அவள் சொல்லட்டும் என்று காத்திருந்தேன். ஏசினால் பதில் சொல்லலாம். அல்லது தலையைக் குனியலாம். நாற்பத்தைந்து வருடத்தில் ஒரு நாளும் அதைச் சொன்னதில்லை, அன்றும் சொல்லவில்லை. “மெல்லமா ஓடச் சொல்லுங்கோ, கால் குலுங்குது” என்றாள். சொன்னேன். பாதை முழுக்கக் கிடங்கும் பள்ளமும். சாரதி மெல்ல ஓடியும் குலுங்கியது. ஒவ்வொரு குலுக்கத்துக்கும் அவள் கண்ணை மூடினாள். பதினேழு வரை எண்ணிவிட்டு நிறுத்திவிட்டேன்.

மறுநாள் வங்கியில் நிலையான வைப்பை முறித்தேன். 2,55,150இல் நானா கொடுத்த 9,000 போனால் 2,46,150. ஆறு கரண்டி, 120 கிராம், 25,200. கரண்டிக்கு அவள் கேட்கவில்லை, நானாகச் சேர்த்தேன். வீட்டை எப்படிக் கணக்கில் எடுப்பதென்று எனக்குத் தெரியவில்லை. ஒரு தாள் முழுக்க எழுதிப் பார்த்துவிட்டுக் கிழித்தேன். அதை விட்டுவிட்டு, அவள் கையில் கொடுத்தது இரண்டு இலட்சத்து எழுபத்தோராயிரத்து முந்நூற்றைம்பது ரூபா.